‘டூம்’ வீரன் முதல் பாகத்திலேயே இறந்துவிட்டானா? 30 ஆண்டுகளைக் கடந்தும் ஓயாத ரசிகர் ஊகங்கள்: ஒரு விளக்கம்

கணினி விளையாட்டுகளின் வரலாற்றில் திருப்புமுனையாகக் கருதப்படும் ‘டூம்’, 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி வெளியானது. வீரனின் கண்வழியே களத்தைக் கண்டு சுட்டு முன்னேறும் விளையாட்டு வகையை உலகெங்கும் பரப்பியது இதுவே. இதன் கதையைச் சில பத்திகளில் சொல்லி முடித்துவிடலாம். ஆயினும், அந்தக் கதையின் உண்மைப் பொருள் என்ன என்பது குறித்த விவாதம் 30 ஆண்டுகளைக் கடந்தும் ஓயவில்லை.

வீரன் முதல் பாகத்தின் முடிவிலேயே இறந்துவிட்டான் என்பர் சிலர். அவன் வேறொரு விளையாட்டின் நாயகனுடைய வழித்தோன்றல் என்பர் வேறு சிலர். அவன் எதிர்கொள்வது நரகமே அன்று என்று வாதிடுவோரும் உண்டு. இத்தகைய ரசிகர் ஊகங்களுள் ஒன்று பின்னாளில் தயாரிப்பு நிறுவனத்தாலேயே ஏற்கப்பட்டது. இதே வரிசையில் ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ என்ற முன்கதை 2025-ஆம் ஆண்டு மே மாதம் வெளியான நிலையில், இந்த ஊகங்கள் எங்கிருந்து பிறந்தன, அவற்றுள் எவற்றுக்குச் சான்று உள்ளது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

விளையாட்டு சொல்லும் கதை என்ன?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ‘இட் சாஃப்ட்வேர்’ நிறுவனம் ‘டூம்’ விளையாட்டை உருவாக்கியது. அதனுடன் வழங்கப்பட்ட கையேட்டில்தான் கதையின் பெரும்பகுதி இடம்பெற்றுள்ளது.

பொதுமக்களைச் சுடுமாறு உத்தரவிட்ட மேலதிகாரியைத் தாக்கிய குற்றத்துக்காக ஒரு படைவீரன் செவ்வாய்க் கோளுக்கு மாற்றப்படுகிறான். அக்கோளின் துணைக்கோள்களான போபோஸ், டீமோஸ் ஆகியவற்றில் ‘யூனியன் ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷன்’ என்ற கற்பனை நிறுவனத்தின் நிலையங்கள் உள்ளன. அங்கு, ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கண நேரத்தில் செல்லும் வாயில்களை அமைக்கும் இரகசிய ஆய்வு நடைபெறுகிறது. ஆய்வு தவறிப்போய், வாயில்களின் வழியே தீய உயிரினங்கள் வெளிவருகின்றன. டீமோஸ் வானிலிருந்தே மறைந்துவிடுகிறது. போபோசுக்கு அனுப்பப்பட்ட படையில் கைத்துப்பாக்கியுடன் வெளியே காவலுக்கு நிறுத்தப்பட்ட அந்த வீரன் மட்டுமே உயிருடன் எஞ்சுகிறான்.

இதற்குப் பிறகு கதை கூறப்படுவது ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் திரையில் தோன்றும் சில வரிகளில் மட்டுமே. வீரனுக்குப் பெயர் இல்லை. அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. திரையின் கீழ்ப்பகுதியில் அவனது முகம் மட்டும் தெரியும். காயம் கூடக் கூட அம்முகத்தில் குருதி வழியும்.

கதை ஏன் இவ்வளவு சுருங்கியது?

தொடக்கத்தில் திட்டம் வேறாக இருந்தது. நிறுவனத்தின் இணை நிறுவனர்களுள் ஒருவரான டாம் ஹால், 1992-ஆம் ஆண்டின் இறுதியில் ‘டூம் பைபிள்’ என்ற விரிவான வடிவமைப்பு ஆவணத்தைத் தயாரித்தார். பல கதாபாத்திரங்கள், அவர்களுக்கான பின்னணி, விரிவான நிகழ்விடங்கள் ஆகியவை அதில் இடம்பெற்றிருந்தன.

தலைமை நிரலாளரான ஜான் கார்மாக்கின் நிலைப்பாடு இதற்கு நேர்மாறானது. விளையாட்டில் கதை என ஒன்று இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டாலும், அது அத்துணை முக்கியமன்று என்பது அவரது கருத்து. இட் நிறுவனத்தின் வரலாற்றை விவரித்து 2003-ஆம் ஆண்டு டேவிட் குஷ்னர் வெளியிட்ட ‘மாஸ்டர்ஸ் ஆஃப் டூம்’ நூலில் இது பதிவாகியுள்ளது. இறுதியில் கார்மாக்கின் கருத்தே வென்றது. ஹாலின் ஆவணத்தில் பெரும்பகுதி கைவிடப்பட்டது. 1993-ஆம் ஆண்டில், விளையாட்டு வெளியாவதற்கு முன்பே, அவர் நிறுவனத்திலிருந்து விலகினார்.

ஆக, ‘டூம்’ கதையில் உள்ள இடைவெளிகள் மறதியால் ஏற்பட்டவை அல்ல. விரிவான கதை ஒன்று எழுதப்பட்டு, பின்னர் அகற்றப்பட்டதன் தடங்கள் அவை. ரசிகர் ஊகங்கள் வேர்விட்டது இந்த இடைவெளிகளில்தான்.

ஊகம் 1: வீரன் முதல் பாகத்திலேயே இறந்துவிட்டான்

மிகவும் அறியப்பட்ட ஊகங்களுள் ஒன்று இது. ‘நீ டீப் இன் தி டெட்’ எனப்படும் முதல் பாகத்தின் இறுதிக் கட்டத்தில் இரண்டு பெரிய அரக்கர்களை வீரன் வீழ்த்துகிறான். சுவர்கள் இறங்கி வழி திறக்கிறது. அங்குள்ள வாயிலில் கால் வைத்ததும், அரக்கர்கள் நிறைந்த இருண்ட அறை ஒன்றுக்கு அவன் கொண்டுசெல்லப்படுகிறான். அதன் தரையே அவனது உடல்நலப் புள்ளிகளைக் குறைக்கிறது. அறையிலிருந்து தப்ப வழியில்லை. சாவின் விளிம்பை எட்டும் தருணத்தில் பாகம் முடிகிறது.

அடுத்த பாகத்தின் பெயர் ‘தி ஷோர்ஸ் ஆஃப் ஹெல்’, அதாவது நரகத்தின் கரைகள். அது தொடங்கும்போது, சேர்த்து வைத்த ஆயுதங்கள் அனைத்தும் காணாமல் போயிருக்கும். வீரனிடம் மீண்டும் கைத்துப்பாக்கி மட்டுமே இருக்கும். மூன்றாம் பாகமோ நரகத்துக்குள்ளேயே நடக்கிறது. எனவே, இருண்ட அறையில் வீரன் இறந்தான், அதன் பிறகு நாம் காண்பது அவனது மறுமைப் பயணம் என்பது இவ்வூகத்தின் வாதம்.

ஹாலின் கைவிடப்பட்ட ஆவணமும் இவ்வூகத்துக்கு ஓரளவு வலுச் சேர்க்கிறது. அதில் ‘படி டகோட்’ என்றொரு கதாபாத்திரம் உண்டு. ‘டகோட்’ என்ற குடும்பப் பெயர், ‘இந்தப் பாகத்தின் முடிவில் இறக்கிறான்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது. பாகத்தின் முடிவில் ஒரு நாயகன் இறப்பது என்ற எண்ணம் தொடக்கத் திட்டத்தில் இருந்தது என்பதற்கு இது சான்று.

மூல நிரல் கூறுவது என்ன?

1997-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இட் நிறுவனம் ‘டூம்’ விளையாட்டின் மூல நிரலைப் பொதுவெளியில் வெளியிட்டது. இதனால், ரசிகர் ஊகத்தை நிரலின் வரிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் அரிய வாய்ப்பு கிடைத்தது.

அந்த இருண்ட அறைக்கெனவே நிரலில் தனி விதி உள்ளது. சாகாவரம் தரும் புகழ்பெற்ற குறுக்குவழிக் குறியீட்டை ஒருவர் பயன்படுத்தியிருந்தாலும், அறையின் தரை அதனை நீக்கிவிடுகிறது. ஏறத்தாழ ஒரு நொடிக்கு ஒருமுறை 20 புள்ளிகளைக் குறைக்கிறது. உடல்நலம் 10 புள்ளிகளாகவோ அதற்குக் கீழாகவோ குறைந்ததும் கட்டத்தை முடித்துவைக்கிறது.

இதில் ஒரு சிக்கல் எழுகிறது. கவசமின்றி 100 புள்ளிகளுடன் நுழையும் வீரன், வழக்கமான கடினநிலையில், தரை தரும் ஐந்தாவது அடியில் பூஜ்யத்தை எட்டி இறந்துபோக வேண்டும். அதனைத் தடுக்கவும் நிரலாளர்கள் ஒரு விதியை எழுதியுள்ளனர். அந்த அறையில் வீரன் நிற்கும்போது, உயிரைப் போக்கும் அளவுக்கு எந்தத் தாக்குதல் நேர்ந்தாலும், நிரல் அதன் அளவைக் குறைத்து அவனுக்கு 1 புள்ளியை மிச்சம் வைக்கிறது. அரக்கர்களின் தாக்குதலுக்கும் இவ்விதி பொருந்தும்.

அதாவது, வீரன் சாகும் நிலைக்குக் கொண்டுசெல்லப்படுகிறான். ஆனால் அவன் சாகாதபடி நிரல் காக்கிறது. முதல் பாகத்தின் முடிவில் தோன்றும் வரிகளும் அவன் உயிருடன் இருப்பதாகவே பேசுகின்றன. வெகுமதியும் வீடு திரும்பும் வழியும் கிட்டாமல், காணாமற்போன டீமோஸ் நிலையத்தைப் போன்ற ஓரிடத்தில் அவன் சிக்கியிருப்பதாக அவை தெரிவிக்கின்றன.

ஆயுதங்கள் காணாமற்போனதற்கும் எளிய விளக்கம் உள்ளது. ‘டூம்’ ‘ஷேர்வேர்’ முறையில் விற்கப்பட்டது. முதல் பாகத்தை யாரும் இலவசமாகப் பெற்று, நண்பர்களுக்கும் படியெடுத்துக் கொடுக்கலாம். எஞ்சிய இரு பாகங்களைப் பணம் செலுத்திப் பெற வேண்டும். ஒவ்வொரு பாகமும் தனித்துத் தொடங்கும்படி அமைக்கப்பட்டதால், ஒவ்வொன்றிலும் 100 புள்ளிகளும் கைத்துப்பாக்கியும் 50 தோட்டாக்களுமே வீரனுக்குக் கிடைக்கும். முதல் பாகத்தின் அதிர்ச்சி முடிவும், அடுத்து என்ன நேர்ந்தது என்று அறியும் ஆவலைத் தூண்டி, எஞ்சிய பாகங்களை வாங்க வைக்கும் இடத்தில்தான் அமைந்துள்ளது.

ஆகவே, வீரன் இறந்தான் என்பதை விளையாட்டின் உண்மையாகக் கொள்ள இயலாது. எனினும், அந்த அறையில் விளையாடுபவர் உணரும் கையறு நிலையை இவ்வூகம் சரியாகவே இனங்காண்கிறது. அதுவே இது நீடிப்பதற்கான காரணம் எனலாம்.

ஊகம் 2: மூன்று விளையாட்டுகள், ஒரே குடும்பம்

‘டூம்’ விளையாட்டுக்கு முன்பே இட் நிறுவனத்தினர் வேறு இரு புகழ்பெற்ற நாயகர்களைப் படைத்திருந்தனர். 1990-ஆம் ஆண்டில் வெளியான ‘கமாண்டர் கீன்’ விளையாட்டின் நாயகன் பில்லி பிளேஸ் என்ற சிறுவன். 1992-ஆம் ஆண்டின் ‘வொல்ஃபென்ஸ்டைன் 3டி’ விளையாட்டின் நாயகன் பி.ஜே. பிளாஸ்கோவிட்ஸ் என்ற படைவீரன். இரண்டாம் உலகப் போரில் நாஜிப் படையினரை எதிர்ப்பவன்.

‘பிளேஸ்’ என்பது ‘பிளாஸ்கோவிட்ஸ்’ என்ற பெயரின் சுருக்கம் என்றும், சிறுவன் பில்லி அப்படைவீரனின் பேரன் என்றும் ரசிகர்கள் கூறுவது வெறும் ஊகமன்று. ‘வொல்ஃபென்ஸ்டைன் 3டி’ விளையாட்டுக்கான அதிகாரப்பூர்வ வழிகாட்டி நூலிலேயே அந்த வம்சாவளி இடம்பெற்றுள்ளது. அதே வரிசையில் ‘டூம்’ வீரனையும் சேர்ப்பதுதான் ஊகத்தின் அடுத்த படி. 2008-ஆம் ஆண்டில் கைப்பேசிகளுக்காக வெளியான ‘வொல்ஃபென்ஸ்டைன் ஆர்பிஜி’ இதற்குத் துணை நிற்கிறது. அதில் பிளாஸ்கோவிட்ஸிடம் தோற்று ஒரு கையையும் ஒரு காலையும் இழக்கும் அரக்கன், அவனது வழித்தோன்றல்களைப் பழிவாங்கத் திரும்புவதாகச் சூளுரைக்கிறான். ‘டூம்’ விளையாட்டின் பெரிய அரக்கர்களுள் ஒருவனுக்கு ஒரு கையும் ஒரு காலும் இயந்திரத்தால் ஆனவை.

ஆனால், இதற்கு இடையூறான சான்றும் உண்டு. 1994-ஆம் ஆண்டில் வெளியான ‘டூம் 2’ விளையாட்டின் இரகசியக் கட்டம் ஒன்றில், கமாண்டர் கீன் உருவங்கள் தூக்கில் தொங்கவிடப்பட்டுள்ளன. அவற்றைச் சுட்டு வீழ்த்தினால்தான் வெளியேறும் வழி திறக்கும். கீன் வீரனின் குடும்பத்தவன் எனில், இக்காட்சிக்குப் பொருள் காண்பது கடினம். ஒரே குழுவினர் தம் பழைய படைப்புகளைக் கேலியாக நினைவுகூர்ந்தனர் என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

ஊகம் 3: அது நரகமே அன்று

வாயில்களின் வழியே வருபவை உண்மையில் பேய்களா, அல்லது வேற்றுலக உயிரினங்களா என்ற கேள்வியும் தொடக்கம் முதலே உள்ளது. கையேடு அறிவியல் ஆய்வைப் பேசுகிறது. விளையாட்டோ ஐங்கோண நட்சத்திரக் குறிகளையும் பலிபீடங்களையும் காட்டுகிறது.

உரிமம் பெற்று ‘டூம்’ கதையை விரித்தவர்களே இதில் மாறுபட்டனர். 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் வெளியான நான்கு நாவல்கள், வீரனுக்கு ஃபிளின் டேகர்ட் என்று பெயரிட்டன. அரக்கர்களை வேற்றுக்கோளினரின் மரபணு ஆக்கங்களாகச் சித்திரித்தன. 2005-ஆம் ஆண்டில் வெளியான திரைப்படமும் நரகத்தைக் கைவிட்டு, மரபணு மாற்றத்தைக் காரணமாக்கியது. 2016-ஆம் ஆண்டில் வெளியான புதிய ‘டூம்’ மீண்டும் நரகத்தையே மையமாக்கியது. அந்நரகத்திலிருந்து ஆற்றலை எடுத்து விற்கும் நிறுவனத்தைக் காட்டியதன் மூலம், அறிவியலையும் நரகத்தையும் ஒரே கதைக்குள் இணைத்தது.

ஊகம் 4: எல்லா விளையாட்டுகளிலும் ஒரே வீரன்

நிறுவனமே ஏற்றுக்கொண்ட ஊகம் இதுதான். 1997-ஆம் ஆண்டில் நிண்டெண்டோ கருவிக்காக மிட்வே நிறுவனம் உருவாக்கிய ‘டூம் 64’ விளையாட்டின் முடிவில், அரக்கர்கள் மீண்டும் தலைதூக்காதிருக்க நரகத்திலேயே என்றென்றும் தங்கிவிட வீரன் தீர்மானிக்கிறான்.

2016-ஆம் ஆண்டின் ‘டூம்’ விளையாட்டில், ‘டூம் ஸ்லேயர்’ எனப்படும் வீரன் நரகத்திலிருந்து மீட்கப்பட்ட கல் பேழையில் கண்விழிக்கிறான். அவன் யுகயுகமாக நரகத்தில் அரக்கர்களை வேட்டையாடியவன் என அங்குள்ள பதிவுகள் கூறுகின்றன. பழைய விளையாட்டுகளைப் பற்றிய நேரடிக் குறிப்பு இல்லை. எனவே, இது முற்றிலும் புதிய கதை என்று ஒரு தரப்பினர் கருதினர். நரகத்தில் தங்கிவிட்ட பழைய வீரனே இவன் என்று மற்றொரு தரப்பினர் வாதிட்டனர்.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியான ‘டூம் எட்டர்னல்’ இரண்டாம் தரப்பினரின் வாதத்தை உறுதிப்படுத்தியது. பழைய பச்சைக் கவசத்துடன் வீரன் வேற்றுலகம் ஒன்றில் கண்டெடுக்கப்படும் காட்சி அதில் உள்ளது. ஆக்க இயக்குநர் ஹியூகோ மார்ட்டினும் இருவரும் ஒருவரே எனத் தெளிவுபடுத்தினார். அதே நாளில் மறுவெளியீடு கண்ட ‘டூம் 64’ விளையாட்டில், பழைய கதையையும் புதிய கதையையும் இணைக்கும் நோக்குடன் புதிய கட்டங்கள் சேர்க்கப்பட்டன.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். 1997-ஆம் ஆண்டில் ‘டூம் 64’ விளையாட்டின் முடிவை எழுதிய மிட்வே குழுவினர், 19 ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு குழு உருவாக்கவிருந்த விளையாட்டை மனத்தில் கொண்டு எழுதியிருக்க இயலாது. விடுபட்ட கண்ணியை முதலில் இணைத்துக் காட்டியவர்கள் ரசிகர்கள். அதனை அங்கீகரிக்கப்பட்ட கதையாக்கியது நிறுவனம்.

ஊகத்தை எடைபோடுவது எப்படி?

இந்த நான்கையும் ஒப்பிடும்போது, சான்றுகள் மூன்று வகைப்படுவதைக் காணலாம். முதலாவது, விளையாட்டிலேயே உள்ள சான்று: திரையில் தோன்றும் வரிகள், காட்சிகள், நிரல். இரண்டாவது, படைப்பாளிகளின் வரைவுகளும் நேர்காணல்களும். மூன்றாவது, பின்னாளில் வந்த படைப்புகள். பின்வந்த படைப்பு முந்தையதன் பொருளை மாற்றலாம். ஆனால், முந்தையது எழுதப்பட்டபோது அப்பொருள் இருந்தது என்பதற்கு அது சான்றாகாது.

இரகசியமாக இருப்பதெல்லாம் கதைக்கான குறிப்பும் அன்று. ‘டூம் 2’ விளையாட்டின் இறுதி அரக்கன் எழுப்பும் புரியாத ஒலியைப் பின்னோக்கி ஓட்டிக் கேட்டால், வெல்ல வேண்டுமெனில் தன்னைக் கொல்லுமாறு வடிவமைப்பாளர் ஜான் ரொமேரோ கூறுவது கேட்கும். அரக்கனின் சுவருக்குப் பின்னால் கோலில் செருகப்பட்ட அவரது தலையின் உருவமும் மறைந்துள்ளது. சக ஊழியர்கள் விளையாட்டாக அதனை அங்கு வைக்க, அதைக் கண்டுபிடித்த ரொமேரோ தம் பங்குக்கு அந்த ஒலியைப் பதிவு செய்தார். அலுவலகக் கேலியாகத் தொடங்கிய ஒன்று, பின்னணி தெரியாதவருக்கு ஆழ்ந்த மர்மமாகத் தோன்றுவது இயல்பே.

பெயரில்லா வீரனுக்கு நேர்ந்தது என்ன?

வீரனுக்குப் பெயர் வைக்காததன் காரணத்தை ரொமேரோ விளக்கியுள்ளார்: விளையாடும் ஒவ்வொருவரும் தாமே அந்த வீரன் என உணர வேண்டும் என்பதே நோக்கம். மேலதிகாரியின் அநீதியான உத்தரவை மறுத்தவன், டெய்சி என்ற வளர்ப்பு முயலைப் பறிகொடுத்தவன் என்பவற்றைத் தவிர அவனைப் பற்றி அதிகம் கூறப்படவில்லை. அந்த முயலின் பெயர்கூட 1995-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட நான்காம் பாகத்தில்தான் தெரியவருகிறது.

‘டூம் எட்டர்னல்’ இந்த வீரனுக்கு விண்ணுலக இயந்திரம் ஒன்றின் மூலம் மனித இயல்பைக் கடந்த ஆற்றலை வழங்கியது. ரசிகர்கள் கேட்ட விடை கிடைத்தது. அதே வேளையில், சாதாரண மனிதன் ஒருவன் தன் துணிவால் மட்டுமே தப்பிப் பிழைத்தான் என்ற பழைய வாசிப்புக்கு இடம் குறுகியது. வெற்றிடத்தை நிரப்பும் ஒவ்வொரு விடையும், அதே வெற்றிடத்தில் மற்றவர்கள் நிறுத்தி வைத்திருந்த விடைகளை வெளியேற்றுகிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

இட் நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் ஜெனிமேக்ஸ் நிறுவனத்தின் வசமானது. 2021-ஆம் ஆண்டில் ஜெனிமேக்ஸ் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கீழ் வந்தது. உரிமையாளர்களும் ஆக்கக் குழுக்களும் மாறும்போது, அங்கீகரிக்கப்பட்ட கதையும் மாறக்கூடும். ஆனால், 1993-ஆம் ஆண்டின் முதல் பாகமும் அதன் மூல நிரலும் யாவரும் பெறத்தக்கனவாக உள்ளன. இருண்ட அறையில் வீரனுக்கு என்ன நேர்ந்தது என்ற ஐயம் உடையவர்கள், விளையாடியும் நிரலைப் படித்தும் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். அங்கு அவனுக்கு எஞ்சியிருப்பது 1 புள்ளியாக இருக்கலாம். ஆனால், அது பூஜ்யம் ஆவதில்லை.